அத்தியாயம் 7: தார் முடிந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை பைக்கையோ ஜீப்பையோ எடுத்துக்கொண்டு மதுரைக்கு மேற்கே மண் பாதைகளில் சுற்றிவர நினைப்பவருக்கான அத்தியாயம் இது. பந்தயம் ஓட்டவோ சாகசப் படம் எடுக்கவோ இதில் ஒன்றும் இல்லை. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வரை வந்து திரும்பினால் கீழக்குயில்குடி. ஊர் வரைக்கும் தார்தான். சமணர் மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமர நிழல். அதைத் தாண்டி வயலுக்கும் தோப்புக்கும் கண்மாய்க்கும் பிரிகிற பாதைகள்தான் நமக்கு வேலை.

போகும் வழியில் எந்த முடிவெடுக்கும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் போன பிறகு இங்கே என்ன தடம் கிடக்கும்? ஏற்கெனவே கிடக்கிற டிராக்டர் தடத்தின் மேல் இன்னொரு டயர் தடமென்றால் தாராளமாகப் போகலாம். புதுத் தடம் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

ஓட்டலாம்: ஊரையும் ஊரையும் இணைக்கும் பஞ்சாயத்து மண் சாலைகள், பழைய வண்டிப்பாதைகள், டிராக்டர் தினமும் போய்வரும் தோட்டத்துப் பாதைகள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பட்டா நிலத்தில் இருக்கும். ஆள் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். ஆள் இல்லாமல் படல் மட்டும் சாத்தியிருந்தால் அதைத் திறக்காதீர்கள்.

கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

*மலை.* சமணர் மலையின் பாறைச் சரிவு பார்க்க வழுவழுவென்று, ஏறிவிடலாம் என்று ஆசை காட்டும். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சேர்ந்து, இத்தகைய சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம் என்கின்றன. வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

*கண்மாய்க்கரை.* புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கரை மேட்டில் ஒரு தடம் தெரியும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், படத்துக்கு அருமையான இடம். ஆனால் கரை என்பது தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண் சுவர். டயர் பறித்த இடத்தில் முதல் மழை தேங்கும், அடுத்த மழை அங்கிருந்து சரிவைப் பார்த்து ஓடும், ஐப்பசி முடிவதற்குள் அது ஒரு சிற்றோடை ஆகிவிடும். கரை உடைப்பெடுப்பது அப்படிப்பட்ட இடத்தில்தான். கரையின் மேலேயே சரளை போட்டு ஊர்ப்பாதை அமைத்திருந்தால், காய்ந்த காலத்தில் மட்டும், நடக்கிற வேகத்தில் போகலாம். மடைக்குப் பக்கத்திலும் கலுங்கிலும் வண்டியை ஏற்றவே கூடாது.

*கண்மாயின் உள்வாய்.* வற்றிய கண்மாய் பெரிய மைதானம் மாதிரி விரிந்து கிடக்கும். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும் வண்டலுக்கு அடியில் சேறு இன்னும் ஈரமாகவே இருக்கலாம். சவுடு மண் அள்ளிய குழிகளின் விளிம்பு செங்குத்தாக இறங்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால்கூடத் தெரியாது.

*காப்புக்காடு.* வனத்துறையின் பலகையோ எல்லைக் கல்லோ தென்பட்டால் அதோடு திரும்பிவிடுங்கள். அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். இதே மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியில் 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்குள்ள பாறைகள் வல்லூறுகளும் கழுகுகளும் வாழும் இடம். அந்த மாதிரி இடத்தில் இன்ஜினை முறுக்கிக் காட்டுவதில் என்ன வீரம் இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை.

மண் பாதைக்கும் சட்டம் உண்டு

"மண் ரோடுதானே, யார் பிடிக்கப்போறா?" என்று தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்து ஓட்டுபவர்கள் ஏராளம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தார், மண் என்று பிரிக்கவில்லை. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். ஆகவே பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் நான்கும் கட்டாயம். பதிவெண் இல்லாத பந்தய பைக்கை வண்டிப்பாதையில் இறக்க முடியாது.

பையனுக்குப் பழக்கிவிடலாம் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

சைலன்ஸரை மாற்றிய வண்டியைக் கொண்டுவராதீர்கள். அபராதத்தை விடுங்கள், அந்தச் சத்தத்தோடு ஓர் ஊருக்குள் ஒரு முறை போனால் அடுத்த வாரம் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அந்த ஊரில் வழி கிடைக்காது.

எந்த மாதம், எந்த நேரம்

தைப் பொங்கலுக்குப் பிறகு பங்குனி தொடங்கும் வரை நல்ல காலம். பாதை காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையின் வெயில் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும். போனால் காலை ஒன்பதரைக்குள் வீடு திரும்புங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதமும் மண் பாதைக்கு விடுமுறை கொடுங்கள். ஈர மண்ணில் விழும் தடம் காய்ந்ததும் கல்லாகிவிடும். அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டியவர் அந்த ஊர்க்காரர்.

காலையிலும் ஐந்து முதல் ஏழு மணி வரை பொறுமை தேவை. விடியுமுன் பறித்த மல்லிகையை மூட்டையாகக் கட்டி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து மாட்டுத்தாவணிக்கு விரட்டிக்கொண்டு வருவார்கள். சந்தைக்குப் பிந்தினால் விலை இறங்கும் என்பதால் அவர்கள் அவசரம் நியாயமானது. நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். பூந்தோட்டத்தை ஒட்டிப் போகும்போது வேகத்தை இன்னும் குறையுங்கள். புழுதி படிந்த மொட்டை யார் வாங்குவார்?

இருட்டிய பிறகு வேண்டாம். அதற்கான முதல் காரணம் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறுகள் இந்தப் பக்கம் பாதையோரத்திலேயே தரைமட்டமாக இருக்கும். சுற்றிலும் புல் வளர்ந்துவிட்டால் பகலிலேயே ஏமாற்றும்.

கிளம்புமுன் வண்டியில் செய்ய வேண்டியவை

1. டயரைப் பாருங்கள். பட்டன் தேய்ந்து வழுக்கையாகிவிட்டால் மண்ணில் அது சறுக்குக் கட்டைதான். பிரத்யேக டயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பள்ளம் நன்றாக இருக்க வேண்டும்.

2. செயின் தொய்வு, பிரேக் லிவர், கண்ணாடி, நம்பர் பிளேட் போல்ட்டு எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். மண் பாதையின் அதிர்வில் தளர்ந்திருக்கும் எதுவும் கழன்று விழும்.

3. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்றவற்றில் 220 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சாதாரண கம்யூட்டர் பைக்கில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதனால் போக முடியாது என்று அர்த்தமில்லை; ஊர்க்காரர்கள் ஸ்பிளெண்டரில்தான் போகிறார்கள். நடுமேட்டில் கல் தெரிந்தால் சக்கரத் தடத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

4. தார் முடியும் இடத்தில் காற்றைச் சற்று இறக்குங்கள். நிறுவனம் சொன்ன அளவிலிருந்து 4 முதல் 6 பிஎஸ்ஐ குறைத்தால் போதும். டியூப் போட்ட பைக் டயரில் 20க்குக் கீழே இறக்காதீர்கள். கல்லில் அடிபட்டால் டியூப் நசுங்கிக் கிழியும். திரும்பி நாற்கரச் சாலை ஏறுமுன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றியே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் எண்பதில் போனால் சூடேறி வெடிக்கலாம்.

5. பையில்: பஞ்சர் கிட், கைப்பம்பு, ஒரு கயிறு, கத்தி, முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பழைய துணி. கணுக்காலை மூடும் ஷூவும் கையுறையும் உடம்பில் இருக்க வேண்டும், பையில் அல்ல.

குறிப்பு: முள். இங்கே பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக் கருவேல முள். அது ரப்பரைத் துளைத்து உள்ளே ஒடிந்து நிற்கும். டியூப்பை ஒட்டி மாட்டிவிட்டு அரை மணி ஓட்டினால் அதே இடத்தில் காற்று இறங்கும். அதனால் டியூப்பை மாட்டுமுன் டயரின் உட்புறம் முழுக்கத் தடவிப் பாருங்கள். விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். பழைய துணியைச் சுருட்டி மெதுவாக ஓட்டினால், முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டிக்கொண்டு நிற்கும். குறடால் பிடுங்கிவிட்டு இன்னொரு சுற்றும் தடவுங்கள், ஏனென்றால் முள் தனியாக வராது.

வழி கேட்பது எப்படி

வரைபடச் செயலியில் கோடு இருந்தால் பாதை இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பாதையில் ஓர் ஆளைப் பார்த்தால் இன்ஜினை அணைத்து, தலைக்கவசத்தைக் கழற்றி, பிறகு கேளுங்கள். "வழி இருக்கா?" என்று கேட்காதீர்கள். நடப்பவருக்கு எங்கும் வழி உண்டு, ஆகவே இருக்கு என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது இது:

"அண்ணே, இந்தப் பாதையில நேத்து டிராக்டர் ஏதும் போச்சாண்ணே?"

"போச்சு தம்பி. ஆனா மடைகிட்ட ஒடஞ்சு கெடக்கு, நீங்க அந்தப் பனைமரத்துக்கு இங்கிட்டே திரும்பிருங்க."

ஒரே பதிலில் பாதையின் நிலையும் திரும்ப வேண்டிய அடையாளமும் கிடைத்துவிட்டன. பெரியவரென்றால் ஐயா, பெண்களென்றால் அக்கா, அம்மா. "ஹலோ பாஸ்" என்று ஆரம்பித்தால் அந்தப் பனைமரம் உங்களுக்குக் கிடைக்காது.

ஓட்டும் முறை: பைக்

முதலில், தெரிந்தவருடைய காலி நிலத்தில் அனுமதி கேட்டு, கீழே உள்ளவற்றைத் தனித்தனியாகப் பழகுங்கள்.

1. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடிந்திருக்கட்டும், தொடையால் டேங்க்கை அணைத்துப் பிடியுங்கள். கை ஹேண்டில்பாரில் சும்மா இருக்கட்டும். கையை இறுக்கினால் முன்சக்கரத்தின் ஒவ்வொரு ஆட்டமும் தோள் வரை வரும், பத்து நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள்.

2. இரண்டாவது கியரில் ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர். முதல் கியர் துள்ளும், மூன்றாவது திணறும்.

3. பார்வை சக்கரத்துக்கு முன்னால் அல்ல, பதினைந்து இருபது அடி தள்ளி. கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏற்றுவீர்கள். கல்லுக்குப் பக்கத்து இடைவெளியைப் பாருங்கள்.

4. பிரேக்: சரளையில் முன்பிரேக்கை ஒரே விரலால், மெதுவாக. வண்டி வளைந்திருக்கும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள். மண் பாதையில் விழுகிற பெரும்பாலோர் விழுவது இப்படித்தான். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

5. மணல் வந்தால் உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸிலரேட்டரை விடாமல் போங்கள். முன்சக்கரம் நெளியும். நெளியட்டும். பயந்து பிரேக் பிடித்தால் புதையும்.

6. விழுந்தால் முதலில் இன்ஜினை அணையுங்கள். பெட்ரோல் கசிகிறதா பாருங்கள். பிறகுதான் தூக்குவது. முதுகை வளைத்துத் தூக்காமல், சீட்டில் பின்புறத்தைச் சாய்த்து, காலால் தள்ளி எழுப்புங்கள்.

மண்ணைப் படிப்பது. மலையடிவாரத்துச் சரளை உருளும், ஆனால் நம்பலாம். செம்மண் காய்ந்தால் இறுகும், லேசாகத் தூறினால் மேலே எண்ணெய் பூசியது போல் ஆகும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் போனால் கரிசல். நனைந்த கரிசலில் ஐம்பதடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்து, வந்த வழியே உருட்டிக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஜீப், எஸ்யூவி வைத்திருப்பவருக்கு

நான்கு சக்கர இயக்கத்தை மாட்டிக்கொண்ட பிறகு போடுவது பயனற்றது. மோசமான இடத்துக்குள் நுழையுமுன் போடுங்கள். ஸ்டீயரிங் வளையத்துக்குள் கட்டை விரலைக் கொக்கி போட்டுப் பிடிக்காதீர்கள், சக்கரம் கல்லில் மோதி ஸ்டீயரிங் வெட்டினால் விரல் மடங்கிவிடும். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றினால் உடனே காலை எடுங்கள். முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். இறங்கி, டயருக்கு முன்னால் மண்ணை வழித்து, காய்ந்த ஓலையோ கல்லோ போட்டு, மெதுவாக ஏற்றுங்கள். பிறகு அந்தக் குழியை மூடிவிட்டுப் போங்கள்.

காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். ஓடி வந்த வண்டியின் அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நெருப்பாகக் கொதிக்கும். மாசி, பங்குனிப் புல்லுக்கு அது போதும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ மலையேற்றக்காரர்களைச் சுற்றி வளைத்துப் பலரைப் பலிகொண்டது இதே பருவத்தில்தான். பைக்கின் சைலன்ஸருக்கும் இது பொருந்தும்.

எதிரே வருபவர்கள்

*ஆட்டு மந்தை.* ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹாரன் அடித்தால் மந்தை சிதறும், சிதறிய ஆடு அடுத்தவர் வெள்ளாமையில் இறங்கும், வசவு மேய்ப்பவருக்கு விழும்.

*காளை.* கார்த்திகை, மார்கழியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களை மனதில் வைத்து ஊரூராகக் காளைகளுக்கு நடைப்பயிற்சி கொடுப்பார்கள். கயிறு பிடித்திருப்பவர் கையைக் காட்டும் வரை நகராதீர்கள். பிடித்திருப்பது சிறுபிள்ளையாகவும் இருக்கலாம்.

*கட்டிப்போட்ட மாடு.* மாடு பாதைக்கு ஒரு பக்கம், முளைக்குச்சி மறுபக்கம், நடுவில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கயிறு. மண் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பாதையோரம் தனி மாடு மேய்ந்தால், கயிறு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

*மயில்.* காலையில் பாதையிலேயே நிற்கும். ஒன்று பறந்தால் வேகமெடுக்காதீர்கள், பின்னாலேயே நாலு வரும். தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அடிபட்டால் விட்டுவிட்டு ஓடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

*களம்.* அறுவடை நேரத்தில் சோளத்தையோ எள்ளையோ பாதையிலேயே உலர்த்தியிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கூட்டமாகப் போனால் நான்கு வண்டிக்கு மேல் வேண்டாம். புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். பிரிவு வந்தால் முன்னால் போனவர் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் பட்ட பிறகே திரும்ப வேண்டும். இந்த ஒரு விதி போதும், யாரும் தொலைய மாட்டார்கள்.

தண்ணீரைக் கடப்பது

ஓடையிலோ தரைப்பாலத்திலோ தண்ணீர் ஓடினால் முதலில் நடந்து பாருங்கள். முழங்காலுக்கு மேல் இருந்தாலும், இழுப்பு காலைத் தள்ளினாலும் திரும்பிவிடுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்து அடி தெரியாவிட்டாலும் அப்படியே. கடந்த பிறகு பிரேக்கை நாலைந்து முறை விட்டு விட்டுப் பிடித்து ஈரத்தை உலர்த்துங்கள்.

விபத்து நடந்தால்

1. பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள்.
2. அடிபட்டவரின் தலைக்கவசத்தை அவசரப்பட்டு உருவாதீர்கள். மூச்சுவிட முடியாவிட்டால் மட்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கழற்ற வேண்டும்.
3. 108ஐ அழையுங்கள். "மலைக்குப் பின்னாடி" என்றால் ஓட்டுநருக்குப் புரியாது. ஒருவரைத் தார்ச்சாலை வரை அனுப்பி, ஆம்புலன்ஸைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.
4. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேரே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.
5. உங்கள் வண்டியால் ஆட்டுக்கோ பயிருக்கோ சேதம் என்றால் அங்கேயே நின்று உரியவரைப் பார்த்துப் பேசி முடியுங்கள். காயம்பட்ட கால்நடைக்கு 1962 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

வீடு வந்ததும்

வண்டியைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ இறக்கிக் கழுவாதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கலக்கும். டயரிலும் மட்கார்டிலும் ஒட்டிய மண்ணில் பார்த்தீனிய விதை இருக்கும். அதை ஓர் ஊர்த் தண்ணீரிலிருந்து இன்னோர் ஊர் வயலுக்கு நீங்களே கொண்டுசேர்த்ததாகிவிடும். வீட்டில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து புழுதியைத் தட்டுங்கள். டயரில் சிக்கிய முள்ளைப் பிடுங்குமுன் பஞ்சர் கிட்டைப் பக்கத்தில் எடுத்துவையுங்கள். டியூப்லெஸ் டயரில் சில முள் அடைப்பானாகவே இருந்து காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கும், பிடுங்கினால் அப்போதுதான் இறங்க ஆரம்பிக்கும். போல்ட்டுகளை மறுநாள் காலையில் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கிவிட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம்.